இனிப்பைக் குறைத்து வீட்டில் செய்யும் ஜெனரல் சோ சிக்கன்

அமெரிக்காவின் சீன உணவகங்களில் மக்கள் விரும்பிப் பார்சல் வாங்கும் ஜெனரல் சோ சிக்கன், மாவில் தோய்த்து எண்ணெயில் மூழ்கப் பொரித்த கோழித் துண்டுகளைச் சர்க்கரை தூக்கலான காரச் சாஸில் புரட்டித் தரும் உணவாகும். சீனாவின் சிங் பேரரசின் தளபதி சோ சொங்தாங்கின் பெயரைத் தாங்கியிருந்தாலும், 1885-இல் மறைந்த அவர் இதைச் சுவைத்திருக்க வழியில்லை. ஹுனான் மாகாணத்தைச் சேர்ந்த சமையல் கலைஞர் பெங் சாங்-குவெய், 1949-இல் தைவானுக்குச் சென்ற பின்னர், 1950-களில் இதை உருவாக்கினார். அவர் செய்ததில் உப்பும் புளிப்பும் காரமுமே மேலோங்கியிருந்தன. இனிப்பு 1970-களில் நியூயார்க் நகரில் சேர்ந்தது. ஆகவே, சர்க்கரையைக் குறைத்தால் உணவின் இயல்பு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டியதில்லை.

நான்கு பேருக்கு, தோலும் எலும்பும் நீக்கிய தொடைக்கறி அரை கிலோ போதும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவுதான் என்றாலும், அதிக எண்ணெயின்றிச் சமைக்கும்போது அது விரைவில் வறண்டுவிடுவதால் நான் தொடைக்கறியையே பரிந்துரைக்கிறேன். கறியின் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, உப்பு குறைந்த சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கார்ன்ஃபிளார் மாவு மூன்று மேசைக்கரண்டி ஆகியவற்றுடன் பிசறி, இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்த மெல்லிய பூச்சே கறியின் சாற்றை உள்ளே காத்து, பின்னர் சாஸையும் பிடித்துக்கொள்கிறது.

சோயா சாஸைப் பற்றி ஒரு சொல். சாதாரண வகையின் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே உப்பு குறைந்த வகையையே வாங்குங்கள். தனியாக உப்பு சேர்க்காதீர்கள்.

சாஸுக்கு, அந்தச் சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, அரிசி வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, கார்ன்ஃபிளார் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் அரை கோப்பை ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலக்கி வைக்கவும். சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றுவதால் பெரிய நன்மை ஏதுமில்லை. அளவைக் குறைப்பதே பயன் தரும்.

அகலமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை நன்கு காயவைத்து, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று நிமிடம் கிளறாமல் விட வேண்டும். இந்தப் பொறுமைதான் செய்முறையின் உயிர்நாடி. ஒரேயடியாக நிரப்பினால் கறியிலிருந்து நீர் விட்டு, துண்டுகள் பொன்னிறமாகச் சிவக்காமல் ஆவியில் வெந்துவிடும். ஆகையால் இரண்டு தவணையாகப் போடுவதே நல்லது. திருப்பிப் போட்டு, உட்புற வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவைத்து எடுக்கவும். முழுக்கப் பொரித்ததன் மொறுமொறுப்பு இதில் அப்படியே வராது என்றாலும், ஓரங்கள் நன்றாக முறுகும்.

அதே வாணலியில், விதை நீக்கிய எட்டுக் காய்ந்த மிளகாயைக் கருகாமல் வறுத்து, பொடியாக நறுக்கிய இஞ்சியையும் பூண்டையும் வாசம் வரும்வரை வதக்கி, சாஸை மீண்டும் ஒருமுறை கலக்கி ஊற்றவும். அது கெட்டியாகிப் பளபளத்ததும் கோழியையும், மூன்று நிமிடம் மட்டுமே ஆவியில் வெந்த கால் கிலோ ப்ரோக்கோலியையும் சேர்த்து, அரை நிமிடம் புரட்டி உடனே இறக்கிவிடுங்கள். நேரம் கடந்தால் மேற்பூச்சு ஊறிவிடுமாதலால், சோற்றை முன்னதாகவே வடித்து, உண்பவர்கள் அமர்ந்த பிறகு சாஸை ஊற்றுவது சிறந்தது.