கையை நீட்டியே வையுங்கள்

பெயிண்ட் தின்னர் டப்பா தீப்பிடித்த அன்று என் வலது கை முழுவதும், மார்பும், கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயின. மருத்துவமனையில் 47 நாள் கிடந்தேன். படுத்திருப்பவரால் இதைப் படிக்க முடியாது. கூட இருப்பவருக்காக எழுதுகிறேன்.

முதலில் வெந்த இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சுட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் இதற்குப் பலன் உண்டு. பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய் எதுவும் கூடாது. வீங்குவதற்குள் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். உருகி ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். காயம் குளிரலாம், ஆள் குளிரக் கூடாது. மற்ற இடங்களைப் போர்த்திவிடுங்கள். தீப்பிடித்த நேரத்தை என் தம்பி தாளில் குறித்துக்கொண்டிருந்தான். 'இப்போது இது தேவையா' என்று கத்தினேன்.

தேவைதான். தீக்காயப் பிரிவில் கேட்ட முதல் கேள்வியே அது. பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துவிடும், ரத்த ஓட்டம் சரிந்துவிடும். அதை ஈடுகட்ட, உடல் எடை, வெந்த பரப்பின் சதவீதம் இரண்டையும் பெருக்கி, அதை 2 முதல் 4 மில்லி வரை ஓர் எண்ணால் பெருக்கி டிரிப் ஏற்றுவார்கள். எனக்கு 60 கிலோ, 20 சதவீதம், 4 மில்லி: மொத்தம் 4,800 மில்லி. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் சுட்ட நொடியிலிருந்து ஓடுகிறது, வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று மணிக்கு மணி பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள்.

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் ஆழமாகச் சுட்டிருந்தாலும், மின்சாரமோ ரசாயனமோ பட்டிருந்தாலும் தீக்காயப் பிரிவு உள்ள இடத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். குரல் கம்மினால், மூக்கு முடி கருகியிருந்தால் உடனே சொல்லுங்கள். தொண்டை வீங்கி அடைத்துக்கொள்வதற்கு முன் மூச்சு விடக் குழாய் போட வேண்டியிருக்கும். எனக்குக் கையில் ஓரிடம் வலிக்கவே இல்லை. தப்பித்தது என்று நினைத்தேன். நரம்பும் சேர்ந்து வெந்திருந்ததால் வலிக்கவில்லை. அங்கேதான் தோல் ஒட்ட வேண்டியிருந்தது.

ஒட்டுவதற்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்தார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் எரிந்தது. இதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கட்டு மாற்றுவதற்குச் சற்று முன்பே வலிமருந்து கேளுங்கள். வலிக்க ஆரம்பித்த பிறகு கேட்டால் பிந்திவிடும். பொறுத்துக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

சாப்பாடும் மருந்துதான். உடல் தன் தசையையே தின்னத் தொடங்கும். புரதம் நிறைய வேண்டும், வாயால் முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாக. குழாய் போட்டால் நிலைமை மோசம் என்று அழ வேண்டாம்.

இனி இதைக் கவனமாகப் படியுங்கள். எந்த நிலையில் கிடந்தால் சுகமாக இருக்கிறதோ, அந்த நிலையிலேயே தழும்பு இறுகும். கை மடங்கிக் கிடக்கவே கெஞ்சும், தலை மோவாய் மார்பில் படக் குனியவே பார்க்கும். கழுத்தின் முன்பக்கம் வெந்தவருக்குத் தலையணை கொடுக்காதீர்கள். அக்குளை விரித்து, முழங்கையை நீட்டி வைப்பார்கள். இரவில் கை மடங்காதபடி தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் கட்டுவார்கள். நர்ஸ் போனதும் தம்பியிடம் கெஞ்சி அதைத் தளர்த்திக்கொண்டேன், பத்துப் பதினைந்து இரவு. அவன் இரக்கப்பட்டான். அந்த முழங்கை இன்றும் முழுசாக நீளவில்லை. பிசியோதெரபிஸ்ட் வரும்போது 'இன்னைக்கு வேண்டாம்' என்று நோயாளி சொன்னால் நீங்கள் அவர் பக்கம் சேராதீர்கள்.

வீட்டுக்கு வந்த பின் அரிப்பு வரும், வலியைவிடப் பெரிய தொல்லை. மணமில்லாத கிரீமைத் தினமும் பலமுறை தடவுங்கள். தழும்பு தடிக்காமலிருக்கத் தரும் இறுக்கமான உடையைக் குளிக்கும் நேரம் தவிர நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ. துவைத்துப் போட இரண்டு ஜோடி வாங்கிவிடுங்கள். தளர்ந்துபோனால் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் தழும்பை மூடியே வையுங்கள். தூக்கத்தில் தீ வந்து அலறி எழுந்தால் அதையும் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். நான் ஆறு மாதம் சொல்லாமல் இருந்தேன்.