‘ரன்’னைத் துரத்திப் பிடிப்பது எப்படி?

வேலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் கவுன்டரில் நின்று, “வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் இன்சுலின்” என்றார். எனக்குத் தெரிந்த ரன் அவுட் எல்லாம் கோட்டை மைதானத்தில் ஸ்டம்பு விழுந்து ஆனதுதான். யார் அவுட் என்று முழித்தேன். அவர் காலிக் குப்பியை ஆட்டிக் காட்டிய பிறகுதான், மருந்து தீர்ந்துபோச்சு என்கிறார் என்று புரிந்தது.

ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் எண்ணியிருக்கிறார்கள். மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ரன் வரும் இடத்தில் தமிழில் பொருள் பிடிக்க நான் செய்வது இது.

படி 1: முதலில் ‘ஓடு’ என்று போட்டுப் பாருங்கள். நினைப்பதைவிட நிறைய இடத்தில் பொருந்தும். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் மூன்றாவது வாரமாக ஓடுகிறது, 2021 நவம்பரில் பாலாறு கரைமுட்ட ஓடியது, எல்லாமே இங்கிலீஷிலும் ரன்தான். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அதிசயம் என்பது வேறு கதை.

படி 2: ஒத்துவரவில்லையா? ஓடுவது எது என்று பாருங்கள். மூக்கு என்றால் ஒழுகுகிறது. புது லுங்கியின் கலர் என்றால் சாயம் போகிறது. ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது, அவ்வளவுதான், தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை.

படி 3: எதையாவது ரன் பண்ணுகிறார்களா? ‘ஷீ ரன்ஸ் எ மெஸ்’ என்றால் அந்த அம்மா மெஸ் நடத்துகிறார். இங்கே ‘ஓட்டுகிறார்’ என்று போட்டுவிடாதீர்கள். “ஏதோ கடையை ஓட்டிட்டிருக்கேன்” என்று நாம் சொல்லும்போது அதில் ஒரு சலிப்பு இருக்கும், இங்கிலீஷ் ரன்னில் அந்தச் சலிப்பு கிடையாது. தேர்தல் இன்னும் வேடிக்கை: அமெரிக்காக்காரர் அதில் ‘ஓடுகிறார்’, இங்கிலாந்துக்காரர் நம்மைப் போலவே ‘நிற்கிறார்’.

படி 4: பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லை விடாதீர்கள், நான் கோட்டைவிட்டது அங்கேதான். ‘அவுட் ஆஃப்’ வந்தால் தீர்ந்துபோவது. ‘இன்டு’ வந்தால், பழைய பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்தவன் தற்செயலாக எதிர்ப்படுவது. அதுவே பைக் போய் லாரியில் என்றால், மோதுவது.

படி 5: நோட்டில் தனிச் சொல்லாக எழுதாமல், முழு வாக்கியமாக எழுதி, எதிரே வீட்டில் பேசுகிற தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

சரி, இதைப் போட்டுப் பாருங்கள்: ‘தி இன்சுலின் இஸ் ரன்னிங் லோ.’ குட்டிச் சொல் ‘லோ’. அதாவது குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் தீரவில்லை. இப்படிச் சொல்பவரிடம், ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க ஐயா என்று சொல்லலாம். அன்றைக்கு வந்த பெரியவரிடம் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.