சூப்பர்மார்க்கெட் எந்தப் பக்கம் போகிறது? ரேக் முன்னால் நின்றே கண்டுபிடிப்பது எப்படி

சூப்பர்மார்க்கெட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ராத்திரியில் சரக்கு அடுக்குவது. கடை மூடியதும் உள்ளே போவோம். அட்டைப் பெட்டியைக் கத்தியால் கீறிப் பிரித்து, பழைய சரக்கை முன்னால் இழுத்து வைத்து, புதியதைப் பின்னால் அடுக்குவோம். சில வருஷம் கழித்து, எந்தப் பொருள் எந்தத் தட்டில் எத்தனை வரிசை நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலைக்கு மாறினேன். இந்தத் தொழில் எங்கே போகிறது என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள்: தங்கள் பொருளைக் கடையில் ஏற்ற நினைக்கும் சிறு உற்பத்தியாளர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், படிக்கும் பிள்ளைகள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். அறிக்கையை அப்புறம் படிக்கலாம். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குள் போங்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் ஒரு மணி நேரம் போதும்.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் கண்ணில் பட்டது. இரண்டாவதில், "இதனால் வேலை யாருக்குக் கூடியது, யாருக்குக் குறைந்தது?" மூன்றாவதில், "செலவு யார் தலையில் விழுகிறது?" இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு இந்தத் தொழிலின் தொடக்கத்திலிருந்தே கிடைத்தவை. 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி கடையைத் திறந்தார். அதுவரை மளிகைக் கடையில் நாம் பட்டியலைச் சொல்வோம், ஆள் உள்ளே போய் எடுத்து வருவார். சாண்டர்ஸ் கூடையை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நடக்கிற வேலை நம் பக்கம் வந்தது. கடையின் ஆள் செலவு குறைந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய மாற்றங்கள் பலவற்றுக்கு அடியிலும் இந்தக் கைமாற்றம் இருப்பதைப் பார்க்கலாம்.

எந்தக் கடைக்குப் போவது? இரண்டு போதும்: ஒன்று பெரிய சூப்பர்மார்க்கெட், இன்னொன்று மலிவு விலைக் கடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இரண்டுக்கும் போங்கள். பார்க்க வேண்டிய பொருள்களையும் மாற்றாதீர்கள். நான் பார்ப்பது ஆறு: பால், எண்ணெய், சர்க்கரை, பிஸ்கட், சோப்புத்தூள், பற்பசை. ஒவ்வொரு முறையும் புதுப் பொருளைத் தேடிப் போனால், எது மாறியது என்றே தெரியாமல் போய்விடும்.

முதலில் பிஸ்கட் ரேக். அதன் முன்னால் நின்று ஃபேசிங் எண்ணுங்கள். அதாவது, ஒரு பொருளின் எத்தனை பாக்கெட் முகம் காட்டி முன்வரிசையில் நிற்கிறது என்ற எண்ணிக்கை. கடைக்காரரின் மனசு அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. எனக்கு அந்த வேலை இருந்த காலத்தில், ஒரு பிராண்டுக்கு நான்கு ஃபேசிங்கை மூன்றாகக் குறைப்பதற்கு வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். ரேக்கின் நீளம் கூடாது; ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து எடுத்தாக வேண்டும். எண்ணி முடித்ததும் கடையின் சொந்த பிராண்ட் எத்தனை, மற்றவை எத்தனை என்று பிரியுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தயங்காதீர்கள். "இன்னாருக்காகத் தயாரிக்கப்பட்டது" என்று கடையின் பெயர் பொடி எழுத்தில் இருந்தால் அது சொந்த பிராண்ட். முன்பக்கப் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடையின் பெயரே தெரியாத மாதிரி தனிப் பெயர் வைப்பார்கள். ஸ்பெயினின் மெர்கடோனா கடைகளில் கிடைக்கும் ஆசெந்தாதோ அப்படித்தான், அது கடையின் சொந்தச் சரக்கு.

சொந்த பிராண்டில் படிகளையும் பாருங்கள். மிக மலிவானது, நடுத்தரம், உயர்ரகம் என்று மூன்று படி இருந்தால், அந்தக் கடை பெரிய பிராண்டுகளை நம்பியிருக்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். 2022-ஐ ஒட்டி உலகம் முழுக்க விலைவாசி ஏறியபோது, மக்கள் பலர் மலிவான சொந்த பிராண்டை முதன்முறையாக எடுத்துப் பார்த்தார்கள். நன்றாக இருக்கவே, பலர் அதிலேயே தங்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் இப்போது உயர்ரகத்தைக் கட்டுகிறார்கள்.

அதே பிஸ்கட்டை மலிவு விலைக் கடையில் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் சுமார் 30,000 வகைப் பொருள் இருக்கும். மலிவு விலைக் கடையான ஆல்டியில் சுமார் 2,000தான். வகை குறைந்தால் ஒவ்வொன்றும் மலைபோல் விற்கும். மொத்தமாக வாங்கும்போது பேரம் பேசும் பலம் அங்கிருந்துதான் வருகிறது. பெட்டியைப் பிரித்து அடுக்காமல், முன்பக்கத்தை மட்டும் கிழித்து அப்படியே தட்டில் வைத்திருப்பார்கள். ராத்திரி அடுக்கிய ஆள் என்பதால் சொல்கிறேன்: பாக்கெட் பாக்கெட்டாக எடுத்து வைப்பதற்கும் பெட்டியோடு தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம், முதுகுவலிக்கும் முதுகு வலிக்காததற்கும் உள்ள வித்தியாசம். பாக்கெட்டில் பார்கோடு பெரிதாகவும் பல பக்கங்களிலும் அச்சாகியிருக்கும். பில் போடுபவர் திருப்பித் திருப்பித் தேட வேண்டாம். இதில் நல்ல செய்தி என்னவென்றால், இங்கே யார் தலையிலும் வேலை கூடவில்லை, வேலையே குறைந்திருக்கிறது. பெரிய கடைகளும் இப்போது பெட்டியோடு வைக்க ஆரம்பித்திருந்தால் அதை நோட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

காலியாக இருக்கும் தட்டை விட்டுவிடாதீர்கள். 2024 ஜனவரியில் பிரான்ஸ் உட்பட நான்கு ஐரோப்பிய நாடுகளில் கேரஃபோர் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம், விலையை ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லி பெப்சிகோவின் பொருள்களை விற்பதை நிறுத்தியது. தட்டில் அறிவிப்புச் சீட்டே வைத்தார்கள். ஏப்ரலில் சமாதானம் ஆனது. ஒரு பொருள் இரண்டு முறை போயும் இல்லையென்றால், தட்டுப்பாடா தகராறா என்று விசாரியுங்கள்.

அடுத்து விலைச்சீட்டு. பலரும் பெரிய எழுத்து விலையை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கிலோவுக்கோ லிட்டருக்கோ எவ்வளவு என்ற பொடி எழுத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-ம் ஆண்டு உத்தரவுப்படி இதைக் காட்ட வேண்டும். இதன் அருமை எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டால் தெரிந்தது. பழைய பாக்கெட் 300 கிராம், புதியது 275. பாக்கெட்டின் உயரம், அகலம் அப்படியே. உள்ளே பிளாஸ்டிக் தட்டின் குழி மட்டும் ஆழம் குறைந்திருந்தது. விலை மாறவில்லை. கணக்குப் போட்டால் கிராமுக்கு 9 சதவீதம் ஏறியிருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் என் கையால்தான் அடுக்கினேன், ஆனால் யாருக்கும் சொல்ல வழியில்லை. அதனால் 2024 ஜூலையிலிருந்து பிரான்சில், இப்படி அளவு குறைத்த பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதி வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உங்கள் ஆறு பொருள்களுக்கும் விலையோடு எடையையும் எழுதுங்கள். எடை இல்லாத விலைப் பதிவு வீண்.

இரண்டாவது, ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருக்கிறதா? கடையின் உறுப்பினர் கார்டு வைத்திருப்பவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. பிரிட்டனில் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டின் கிளப்கார்டு 1995-ல் வந்தது. ஆரம்பத்தில் பாயின்ட் சேர்ப்பதுதான். 2019-ல்தான் உறுப்பினர் விலை வந்தது. வழக்கமான விலையை ஏற்றிக்காட்டி ஆஃபர் தருகிறார்களோ என்று வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் 2024-ல் சுமார் 50,000 பொருள்களை ஆராய்ந்தது. 92 சதவீதத்தில் உண்மையான சேமிப்பு இருந்தது. எனவே எல்லாமே ஏமாற்று என்று எழுதிவிட வேண்டாம். ஆனால் அந்தச் சலுகைக்கு நாம் கொடுப்பது என்ன என்பதைக் கவனியுங்கள்: எதை, எப்போது, எத்தனை வாங்குகிறோம் என்ற விவரம்.

அந்த விவரம் எங்கே பணமாகிறது என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பிஸ்கட் ரேக் முன்னால் நின்றபடியே கடையின் ஆப்பைத் திறந்து "பிஸ்கட்" என்று தேடுங்கள். முதலில் வரும் பத்தில் எத்தனைக்கு "விளம்பரம்" என்ற குறி இருக்கிறது? எத்தனை ரேக்கில் கண் மட்டத்தில் நிற்கிறது? மளிகை வியாபாரத்தில் நிகர லாபம் மிகக் குறைவு, விற்பனையில் சில சதவீதம்தான். விளம்பரத்தில் லாபம் அதைவிடப் பல மடங்கு. அதனால் கடைகள் தாங்களே ஊடக நிறுவனங்களாகிக்கொண்டிருக்கின்றன. இதில் செலவு உற்பத்தியாளர் தலையில். சிறு உற்பத்தியாளர்களுக்கு நான் சொல்வது: கடையில் இடம் பிடிக்கப் பேசப் போகும் முன் இந்தப் பத்தை எண்ணிப் பாருங்கள். ரேக்கில் இடம் கிடைத்தும், திரையில் இடம் வாங்கப் பணம் இல்லாமல் திணறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சீட்டு காகிதமா எலெக்ட்ரானிக்கா? வால்மார்ட் 2024 ஜூனில், 2026-க்குள் 2,300 கடைகளில் எலெக்ட்ரானிக் விலைச்சீட்டு வைக்கப்போவதாக அறிவித்தது. மணிக்கு ஒரு விலை வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. சோதிக்கலாம்: ஒரே நாளில் காலையும் மாலையும் ஆறு பொருளின் விலையைப் படம் எடுங்கள். நானும் செய்கிறேன், இதுவரை மாறி நான் பார்த்ததில்லை. காகிதச் சீட்டு மாற்றும் ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கிறது. நூற்றுக்கணக்கான சீட்டுகளை பிளாஸ்டிக் பட்டைக்குள் நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். ஒன்று தவறினால் மறுநாள் பில் கவுண்டரில் சண்டை, திட்டு வாங்குவது அங்கே உட்கார்ந்திருக்கும் பெண். அந்த வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. சீட்டு மாற்றிய ஆள் என்ன ஆனார் என்று கேட்பதுதான் இரண்டாவது கட்டத்துக்கான கேள்வி.

அந்தச் சீட்டில் சின்ன விளக்கு மின்னுவதைப் பார்த்தால், ஆன்லைன் ஆர்டருக்காகக் கடைக்குள் பொருள்களை எடுத்துச் சேர்ப்பவருக்கு வழி காட்டுவதாக இருக்கலாம். இவர்களைப் பார்க்கவே காலையில் கடை திறந்ததும் போகச் சொல்வேன். பெரிய டிராலியில் பல பெட்டி, கையில் ஸ்கேனர், நிற்காத நடை. 1916-ல் நம்மிடம் தள்ளிவிட்ட நடை, திரும்பவும் கடையின் செலவில் வந்து உட்கார்ந்திருக்கிறது! இந்தச் செலவு பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. நிமிஷக்கணக்கில் கொண்டுவந்து தருகிறோம் என்று கிளம்பிய கெட்டிர் நிறுவனம் 2024-ல் பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா எல்லாவற்றிலிருந்தும் விலகி, சொந்த நாடான துருக்கிக்கே திரும்பியது. கடையில் எத்தனை பேர் ஆர்டர் எடுக்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். அவர்களை நிறுத்திப் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர்களின் வேகம் அளக்கப்படுகிறது.

பில் போடும் இடத்தில் பத்து நிமிஷம் ஒதுங்கி நில்லுங்கள். ஆள் உட்கார்ந்த கவுண்டர் எத்தனை, நாமே ஸ்கேன் செய்யும் மெஷின் எத்தனை? மெஷினில் எத்தனை முறை சிவப்பு விளக்கு எரிந்து பணியாளர் ஓடி வருகிறார்? நான் கடைசியாக எண்ணியபோது, ஆறு மெஷினுக்கு ஒரே பெண். பத்து நிமிஷத்தில் பதினான்கு முறை ஓடினார். அந்த ஓட்டம் எந்தக் கணக்கிலும் வராது. இங்கிலாந்தின் வடக்கில் இருக்கும் பூத்ஸ் சூப்பர்மார்க்கெட், 2023 நவம்பரில் இரண்டு கடைகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் மெஷின்களை எடுத்துவிட்டு ஆட்களை உட்கார வைப்பதாகச் சொன்னது. பில்லே இல்லாமல் எடுத்துக்கொண்டு நடக்கலாம் என்ற முறையை 2018-ல் சியாட்டிலில் பொதுமக்களுக்குத் திறந்த அமேசான், 2024-ல் தன் பெரிய மளிகைக் கடைகளில் அதைக் கைவிட்டு, ஸ்கேன் செய்யும் டிராலிக்கு மாறியது. நெதர்லாந்தின் யும்போ சூப்பர்மார்க்கெட், நிதானமாகப் பேசிக்கொண்டே பில் போடலாம் என்று தனிக் கவுண்டரே வைத்திருக்கிறது. ஆக, "எல்லாம் மெஷின்மயம்" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

பார்கோடும் மாறுகிறது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கிய கோடுகளுக்குப் பக்கத்தில், க்யூஆர் கோடு மாதிரி கட்டம் கட்டமான சதுரக் குறி முளைத்திருக்கிறதா பாருங்கள். 2027 முடிவுக்குள் உலகக் கடைகளின் கவுண்டர்கள் அதைப் படிக்கத் தயாராக வேண்டும் என்பது இலக்கு. எக்ஸ்பயரி தேதியையும் அதற்குள் வைக்கலாம் என்பதால், தேதி போன பொருளைக் கவுண்டரே நிறுத்திவிடும்.

கடைசியாக, மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருமுறை போங்கள். விலை குறைத்த ஸ்டிக்கர் எந்தப் பொருளில், எத்தனை? குளிர்பெட்டிகளுக்குக் கதவு போட்டிருக்கிறார்களா? பழம், காய்கறியில் தேதி அச்சாகியிருக்கிறதா? பிரிட்டனின் வெயிட்ரோஸ் சூப்பர்மார்க்கெட் 2022-ல் கிட்டத்தட்ட 500 பொருள்களில் அந்தத் தேதியை எடுத்தது, வீட்டில் நல்ல பொருளை வீணாக்கக்கூடாது என்று. பிரான்சில் 2016 முதல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் விற்காத உணவை அழிக்கக்கூடாது, தானம் கொடுக்க ஒப்பந்தம் போட வேண்டும். என் ராத்திரி வேலையில் என்னால் மறக்க முடியாதது, அடுத்த நாள் தேதி போட்ட பாலை நசுக்கும் மெஷினில் போட்டதுதான். இன்னும் குளிராகவே இருக்கும். இந்த ஒரு வரிசையை மட்டும் எந்த மூன்று மாதத்திலும் விட்டுவிடாதீர்கள்.

விற்காத பொருள் கடையின் பின்பக்கத்தில் என்ன ஆகிறது என்பதை ரேக்கில் பார்க்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேனேஜரிடம் கேட்காதீர்கள். மூடும் நேரத்தில் முதல் பெட்டிகளோடு உள்ளே வரும் சரக்கு அடுக்குபவரிடம் கேளுங்கள், அவர் பெட்டியைக் கீழே வைத்த பிறகு.