இன்டர்பிரடேஷன், டயலாக்: எந்த அர்த்தத்துல சொல்றாங்கன்னு எப்படி புரிஞ்சுக்கிறது

இந்த ரெண்டு வார்த்தையும் புரோகிராமிங் பாடத்துலயும் வரும், டான்ஸ் விமர்சனத்துலயும் வரும், டிக்‌ஷனரிய பாத்து எல்லா இடத்துலயும் "விளக்கம்", "உரையாடல்"னு போட்டுட்டு போனா பாதி இடத்துல அர்த்தமே கெட்டுப்போயிடும். நான் எங்க பாத்தாலும் மூணு கேள்வி கேப்பேன்: எத எடுத்துக்கிறாங்க, அத என்னவா ஆக்குறாங்க, எதிர்ப்பக்கம் பதில் சொல்ல முடியுமா?

பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியோட இன்டர்பிரட்டர எடுத்துக்கோங்க. அது யாருக்கும் எதையும் விளக்கல, கோட ஓட்டுது. வரிக்கு வரி படிச்சு ஓட்டும்னு நிறைய பேர் சொல்றாங்க, அது முழுசா சரியில்ல, ஃபைல் மொத்தத்தையும் முதல்ல பைட்கோடா, அதாவது தனக்கு ஓட்ட வசதியான இடைநிலை வடிவமா, மாத்திட்டுதான் ஓட்டவே ஆரம்பிக்கும், அதனாலதான் கடைசி வரில ஒரு அடைப்புக்குறிய மூடாம விட்டாலும் முதல் வரில பிரிண்ட் பண்ண சொன்னது கூட திரைல வராது, செஞ்சு பாருங்க. இங்க "இயக்குறது"னு படிச்சாதான் சரியா வரும்.

ஒரு ஆள இன்டர்பிரட்டர்னு சொன்னா அவர் பேச்ச மாத்தி சொல்றவர், எழுத்துல செய்றவர் டிரான்ஸ்லேட்டர். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு நாஜி தலைவர்கள் மேல நடந்த 1945-46 நியூரம்பெர்க் விசாரணைல ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன்னு நாலு மொழிலயும் பேசப்பேசவே மாத்தி சொன்னாங்க, கேக்குறவங்க காதுல ஹெட்போன். நின்னு யோசிக்க நேரமே இல்லாத வேலை அது.

டான்ஸ்லதான் ரொம்ப கவனமா இருக்கணும். ஒரே ஸ்டெப்ப ரெண்டு பேர் ஆடினா மூச்சு எங்க விடுறாங்க, எடைய எங்க இறக்குறாங்கங்கறதுலயே அது வேற வேறயா தெரியும், அந்த வித்தியாசம்தான் டான்ஸரோட இன்டர்பிரடேஷன். ஆனா இசைக்கு உடம்பால அர்த்தம் சொல்றதையும் இதே வார்த்தையாலதான் சொல்றாங்க, அந்த அர்த்தத்த அமெரிக்க நடன இயக்குநர் மெர்ஸ் கன்னிங்ஹாம் மேல போட்டுடாதீங்க, அவரும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் டான்ஸையும் இசையையும் தனித்தனியா உருவாக்கினாங்க, ரெண்டுக்கும் பொதுவா இருந்தது நேர அளவு மட்டும்தான்.

டயலாக்குக்கு மூணாவது கேள்விதான் முக்கியம். கம்ப்யூட்டர்ல டயலாக் பாக்ஸ்னா அது கேக்கும், நீங்க ஓகே இல்ல கேன்சல் அழுத்தணும், சிலது பதில் சொல்ற வரைக்கும் பின்னாடி இருக்குற விண்டோவ தொடவே விடாது. சினிமான்னா வசனம், இதுல குழப்பமே இல்ல. கன்னிங்ஹாம் கம்பெனில ஆடின ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972ல ஆரம்பிச்ச கான்டாக்ட் இம்ப்ரவைசேஷன்லதான் இந்த வார்த்தை எனக்கு உயிரோட தெரியுது: ரெண்டு உடம்பும் தொடுற இடம் நகர்ந்துக்கிட்டே இருக்கும், ஒருத்தர் எடைய கொடுப்பார், இன்னொருத்தர் தாங்குவார் இல்ல வழுக்கி விடுவார், அடுத்து என்னன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. இது நிஜமான உரையாடல். முன்னாடியே முடிவு பண்ணி ரிகர்சல் பார்த்த டூயட்டையும் விமர்சகர்கள் டயலாக்னு எழுதுவாங்க, தப்பில்ல, ஆனா அங்க ஒருத்தர் தடுமாறினா மத்தவரோட அசைவு மாறுமான்னு பாருங்க, மாறலன்னா அது வசனத்துக்குதான் பக்கம்.