டிஷ்வாஷரில் தண்ணீர் ஏறவில்லையா? குழாயிலிருந்து தொடங்குங்கள்

பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது, உறுமல் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. உடனே எல்லாரும் சந்தேகப்படுவது, தண்ணீரை உள்ளே விடும் மின்வால்வான இன்லெட் வால்வைத்தான். அதைக் கடைசிக்கு வையுங்கள். சுவர்க் குழாயில் தொடங்கி, தண்ணீர் வரும் வழியிலேயே நீங்களும் போய்ப் பாருங்கள். பல நேரம் ஸ்குரூடிரைவரைத் தொடுவதற்குள் காரணம் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகம். வாஷிங் மெஷின் போல இதில் தொட்டி நிறையத் தண்ணீர் நிற்காது. ஒரு தடவைக்கு உள்ளே வருவது சுமார் 3 முதல் 5 லிட்டர். அது அடியில் தேங்கும், பம்ப் அதையே திரும்பத் திரும்ப மேலே பீய்ச்சும். ஓடத் தொடங்கிச் சில நிமிடம் கழித்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெதுவாகக் கதவைத் திறந்து பாருங்கள். அடியில் ஃபில்டரைச் சுற்றித் தண்ணீர் நின்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

முதலில் காதைக் கொடுங்கள்

பெரும்பாலான இயந்திரங்கள் தொடக்கத்தில் பழைய தண்ணீரை வெளியேற்ற 'உர்ர்' என்று கொஞ்ச நேரம் ஓடும். பிறகு தண்ணீர் நுழையும் 'ஸ்ஸ்' சத்தம் வர வேண்டும். ஒரு சத்தமும் இல்லையென்றால் கதவு சரியாகப் பூட்டவில்லை, அல்லது தாமதத் தொடக்கமோ குழந்தைப் பூட்டோ போட்டிருக்கிறது. வெறும் 'ங்ங்' என்ற மெல்லிய முனகல் கேட்டால், வால்வுக்கு மின்சாரம் போகிறது, தண்ணீர்தான் வரவில்லை என்று கொள்ளலாம். 'உர்ர்' நிற்காமல் ஓடினால் கசிவு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திரையில் எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். போஷில் ஈ-18, எல்ஜியில் ஐ-ஈ, சாம்சங்கில் 4-சி என்றால் தண்ணீர் வரத்தில் குறை. போஷில் ஈ-15 வந்தால் தொட்டிக்கும் கீழே உள்ள அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

வாளிச் சோதனை

பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். இயந்திரத்தின் பின்பக்கமோ அடியிலோ சேரும் ஹோஸ் முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டு, குழாயை முழுதாகத் திறங்கள். ஒரு நிமிடத்தில் 10 லிட்டர் அளவுக்கு வந்தால் வரத்தில் குறையில்லை. நூல் மாதிரி ஒழுகினால் குழாய் பாதி மூடியிருக்கும், ஹோஸ் மடங்கியிருக்கும், அல்லது அழுத்தம் போதவில்லை. மேல்தொட்டித் தண்ணீர் என்றால், 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். குறைந்தது எத்தனை பார் தேவை என்பது கையேட்டில் இருக்கும்.

ஹோஸின் குழாய்ப் பக்க முனையில் பெரிய பெட்டி மாதிரி ஒன்று இருந்தால் அது கசிவுத் தடுப்பு வால்வு. அதிலிருந்து மின்கம்பி போகிறது என்றால் அதைத் தண்ணீரில் முக்கவோ அந்த ஹோஸை வெட்டவோ கூடாது.

வலையை எடுத்துக் கழுவுங்கள்

எனக்குப் பிடித்த இடம் இதுதான். செலவே இல்லாமல் தீரும். ஹோஸ் சேரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் நகம் அளவில் ஒரு சின்ன வலை உட்கார்ந்திருக்கும். நடுவில் உள்ள மேட்டை மூக்குப் பிளையரால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். மணல், துரு, வெள்ளை உப்புப் படிவு எல்லாம் அதில்தான் சிக்கும். பழைய பல் பிரஷால் தேயுங்கள். உப்பு விடவில்லையென்றால் வினிகரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். குத்தி ஓட்டை போட்டுவிடாதீர்கள்; அப்புறம் மணல் நேராக வால்வுக்குள் போகும்.

மிதவை

சில இயந்திரங்களில் தொட்டியின் அடி மூலையில் குடைக்காளான் போல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறி 'போதும்' என்று சொல்லும். விரலால் தூக்கி விடுங்கள், 'டிக்' என்று தானாக விழ வேண்டும். எங்கள் வீட்டு இயந்திரம் ஒருமுறை இரண்டு நாள் முரண்டு பிடித்தது. கடைசியில் பார்த்தால் மிதவைக்கு அடியில் பாதிப் பல்குத்தும் குச்சி! புது இயந்திரங்கள் பலவற்றில் இந்த மூடி இருக்காது, சென்சார்தான்.

'ஸ்ஸ்' கேட்கிறது, தண்ணீர் உள்ளே தங்கவில்லையா? கழிவு ஹோஸைப் பாருங்கள். அது தரையோடு கிடந்தால் வந்த தண்ணீர் வந்த வேகத்தில் இறங்கிவிடும். சிங்கின் அடிமட்டம் வரை தூக்கி ஒரு வளைவு கொடுத்துக் கட்டுங்கள்.

நிற்காத 'உர்ர்'

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, முன்பக்க அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடியுங்கள். அடித்தட்டில் தண்ணீர் இருந்தால், அங்குள்ள இன்னொரு மிதவை தூக்கிக்கொண்டு வரத்தை நிறுத்தியிருக்கும். ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்ததும் இயந்திரம் ஓடும். ஆனால் கசிவு அப்படியேதான் இருக்கும். கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றினால்கூட நுரை பொங்கி வழிந்து இப்படி ஆகும்.

இனி வால்வு

பிளக்கைப் பிடுங்கிய நிலையில், வால்வின் இரண்டு மின்கம்பிகளையும் உருவிவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 230 வோல்ட் வால்வு என்றால் சில ஆயிரம் ஓம் காட்டும். எதுவுமே காட்டவில்லையென்றால் வால்வுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிட்டது, வால்வை மாற்ற வேண்டியதுதான். ஓம் சரியாக இருந்தும் தண்ணீர் வராவிட்டால் ஒயரிங், கண்ட்ரோல் போர்டு பக்கம் போகிறது விஷயம். அங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் பூட்டும்போது ரப்பர் வாஷர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், கையால் இறுக்கினால் போதும். குழாயைத் திறந்து, மூட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால் இயந்திரத்தை உள்ளே தள்ளலாம். தள்ளும்போது ஹோஸ் மேல் ஒரு கண் இருக்கட்டும், மறுபடி மடங்கிவிடப் போகிறது.