தமிழ்நாட்டு மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ்: நீங்களே பொருத்துவது எப்படி?

அம்மா வீட்டு மொட்டை மாடியில் பழைய மீன்முள் ஆன்டெனா இன்னும் நிற்கிறது. காக்கா உட்காருவதைத் தவிர அதற்கு இப்போது வேலை இல்லை. கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் பிடித்த காலத்து ஆன்டெனா அது. தரைவழி அனலாக் ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்திக்கொண்டே வந்தது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான இடங்களில் ஐம்பது சொச்சம் டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை 2022 மார்ச் 31-க்குள் மூடுவதாக அறிவித்தது. அந்தக் கோபுரங்கள் செய்த வேலையை இப்போது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் செய்கிறது.

அதன் பெயர் ஜிசாட்-15. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போனது. இடம் 93.5 டிகிரி கிழக்கு. டெல்லி தோடாப்பூரில் இருக்கும் தூர்தர்ஷன் நிலையத்திலிருந்து சேனல்களை மொத்தமாக மேலே அனுப்புகிறார்கள். ஜிசாட்-15 அவற்றைக் கேயு பேண்ட் என்ற அலைத்தொகுப்பில் இந்தியா முழுக்கத் திருப்பி அனுப்புகிறது. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்று தொடங்கிய சேவைதான் இப்போது டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது. செட்-டாப் பாக்ஸ், டிஷ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய் ஒரே தடவை செலவு, அவ்வளவுதான்.

கேபிள்காரர் வீட்டுக்கு வரும் கம்பிக்கும் மூலம் வானம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவரோ அவருக்கு மேலே இருப்பவரோ பெரிய டிஷ்களை வைத்து செயற்கைக்கோளிலிருந்து சேனல்களை இறக்கி, ஒன்றாகக் கட்டிக் கம்பியில் விடுகிறார்கள். நாம் இங்கே செய்யப்போவது நடுவில் யாரும் இல்லாமல் நேராக இறக்கிக்கொள்வது.

டிவியில் ஏ.வி. அல்லது எச்.டி.எம்.ஐ. மாற்றுவது, டிரில் போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: சாமான்கள்

60 செ.மீ. டிஷ், யுனிவர்சல் எல்.என்.பி. (டிஷ் குவிக்கும் அலையைப் பிடித்துக் கேபிளில் அனுப்பும், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உறுப்பு), ஆர்ஜி-6 கேபிள், எஃப் கனெக்டர் (கேபிள் முனையில் போடும் திருகு மூடி), பாக்ஸ். பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று கேட்டு வாங்குங்கள். எம்பெக்-2 பாக்ஸ் நூறு, இருநூறு மலிவாகக் கிடைக்கும். ஆனால் எம்பெக்-4 முறையில் வரும் சேனல்கள் அதில் தெரியாது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்.என்.பி.யின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 9.75 / 10.6 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளில் நடுக்கம்பி நல்ல கெட்டியாக இருக்க வேண்டும். 'ஆர்ஜி-6 மாதிரிதான் சார்' என்று கடைக்காரர் நீட்டும் மெல்லிய கேபிளைத் தொடாதீர்கள்.

சாட்டிலைட் ஃபைண்டர் என்று முள் ஆடும், 'கீ' என்று கத்தும் சின்ன மீட்டர் விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தண்டச் செலவு. எந்த செயற்கைக்கோளைப் பார்த்தாலும் அது கத்தும். எது என்று சொல்லாது. அதற்குப் பதில் ஒரு பழைய சின்ன டிவியையும் பாக்ஸையும் எக்ஸ்டென்ஷன் கம்பியோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். டிஷ்ஷைத் திருப்பும் கையும் திரையைப் பார்க்கும் கண்ணும் ஒரே ஆளுடையதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கீழேயிருந்து 'வந்துருச்சா?', 'இல்ல, போயிருச்சு!' என்று கத்திக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

படி 2: குழாயை நேராக நிறுத்துங்கள்

டிஷ் மாட்டும் குழாய் எல்லாப் பக்கத்திலும் செங்குத்தாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமோ தூக்குக்குண்டோ வாங்கிப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால், டிஷ்ஷைக் குழாயோடு பிடிக்கும் பிராக்கெட்டில் அச்சடித்திருக்கும் டிகிரிக் கோடு அத்தனையும் பொய்.

படி 3: எங்கே பார்க்க வேண்டும்

நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதில்தான். யூடியூபில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை இந்தியில், டெல்லிப் பக்கத்து மாடிகளில் எடுத்தவை. அங்கே சரி, இங்கே சரிப்படாது.

டெல்லியிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 அடிவானத்திலிருந்து 52 டிகிரி உயரத்தில், தெற்கிலிருந்து கொஞ்சமே கிழக்கே தள்ளி இருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அது ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது, திசையும் நன்றாகக் கிழக்கே போய்விடுகிறது. நான் போட்ட கணக்கு கீழே. திசை என்பது வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் எத்தனை டிகிரி என்பது. உயரம் அடிவானத்திலிருந்து. திருகல் என்பது எல்.என்.பி.யை இருக்கும் இடத்திலேயே எத்தனை டிகிரி சுழற்ற வேண்டும் என்பது, அதைப் படி 4-இல் சொல்கிறேன்.

சென்னை: திசை 134, உயரம் 68, எல்.என்.பி. திருகல் 45
திருச்சி: திசை 125, உயரம் 69, திருகல் 53
கோவை: திசை 123, உயரம் 67, திருகல் 56
மதுரை: திசை 122, உயரம் 69, திருகல் 57
நாகர்கோவில்: திசை 116, உயரம் 69, திருகல் 63
ஒப்பிட டெல்லி: திசை 149, உயரம் 52, திருகல் 27

திசைக்கு போனில் உள்ள திசைகாட்டி போதும். ஆனால் இரும்புத் தண்ணீர்த் தொட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், டிஷ் குழாய் ஆகியவற்றிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குச் சுற்றும். பக்கத்து வீட்டில் சன் டைரக்ட் டிஷ் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் பயன்படுத்துவது 93.5, 91.5 டிகிரி இடங்கள். ஆகவே அந்த டிஷ் பார்க்கும் பக்கத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்துக்கொள்ளலாம்.

உயரம் 69 டிகிரி என்றதும் டிஷ்ஷை வானம் பார்க்க மல்லாத்திவிடாதீர்கள். இந்தச் சின்ன டிஷ்கள் ஆஃப்செட் வகை. எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தகடு 45 டிகிரி சாய்ந்திருப்பதாகத் தெரியும்போதே அது உண்மையில் 69 டிகிரி உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணை நம்பாமல் பிராக்கெட்டின் பக்கவாட்டில் இருக்கும் கோட்டை நம்புங்கள். அதில் இந்த வித்தியாசத்தைச் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள்.

மரம் மறைக்குமா என்ற கவலை நமக்குக் குறைவு. டிஷ்ஷைவிட 30 அடி உயர்ந்த தென்னை, மட்டையின் ஓரத்திலிருந்து அளந்து 13 அடி தள்ளி இருந்தால் போதும். சந்தேகம் இருந்தால் சூரியனையே கேட்கலாம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டி, சூரியன் சரியாக ஜிசாட்-15-க்குப் பின்னால் வரும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். அதே நாட்களில், அதே நேரத்தில் சில நிமிடங்கள் படம் உடைந்து போவதும் இதனால்தான். டிஷ் கெட்டுவிட்டது என்று ஸ்பேனரைத் தூக்காதீர்கள்.

படி 4: எல்.என்.பி.யைத் திருகுதல்

டெல்லி விளக்கங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். அங்கே 27 டிகிரிதான் திருக வேண்டும். திருகாமல் விட்டாலும் ஓரளவு பிடித்துவிடும். மதுரையில் 57 டிகிரி. சும்மா நேராக மாட்டிவைத்தால் வேண்டிய அலையில் பெரும்பகுதி வீணாகி, குறுக்கே வரும் வேண்டாத அலை உள்ளே நுழையும். டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் வராது. பிழை டிஷ்ஷில் இருக்கிறது என்று நினைத்து அதையே ஆட்டிக்கொண்டிருப்போம்.

காரணம் இதுதான். செயற்கைக்கோள் அனுப்பும் செங்குத்து அலை, அதற்கு நேர் கீழே நிற்பவருக்குத்தான் வடக்கு தெற்காக வந்து சேரும். நாம் அதற்கு மேற்கே 15 டிகிரி தள்ளி, வடக்கே 10 டிகிரியில் இருக்கிறோம். கோணம் அந்த அளவுக்குச் சாய்ந்து போகிறது.

டிஷ்ஷுக்கு முன்னால், அதன் குழிவைப் பார்த்து நில்லுங்கள். எல்.என்.பி.யின் கேபிள் முனை கீழே, கடிகாரத்தில் 6 மணி இடத்தில் இருக்கும். அதைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருகுங்கள். சென்னையில் ஏழரை மணிக்கு வர வேண்டும். மதுரை, கோவை, நாகர்கோவிலில் ஏறக்குறைய 8 மணி. இது தொடக்கம் மட்டுமே. கடைசிச் சரிபார்ப்பைக் கீழே சொல்கிறேன்.

படி 5: கேபிளும் பாக்ஸும்

எஃப் கனெக்டர் போடும்போது வெளி வலையின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. பாக்ஸ் இந்தக் கேபிள் வழியாகத்தான் எல்.என்.பி.க்கு மின்சாரம் அனுப்புகிறது: செங்குத்து அலைக்கு (வெர்டிகல்) 13 வோல்ட், கிடை அலைக்கு (ஹரிசான்டல்) 18 வோல்ட். தொட்டால் ஷார்ட். மாட்டும்போதும் கழற்றும்போதும் பாக்ஸ் அணைந்திருக்கட்டும்.

மெனுவில் செயற்கைக்கோள் 93.5 கிழக்கு. எல்.என்.பி. வகை யுனிவர்சல், 9750/10600. அலைவரிசை 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500. இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் திரையில் வரும் பட்டைக்கு அர்த்தம். எல்.என்.பி. 11090-லிருந்து 9750-ஐக் கழித்து, மீதி 1340 மெகாஹெர்ட்ஸை மட்டும் கேபிளில் கீழே அனுப்புகிறது. மெனுவில் வேறு எண் இருந்தால் பாக்ஸ் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

படி 6: தேடல்

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தை மறந்துவிடுங்கள். கேபிள் மாட்டி எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே, டிஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது பாதிக்கு மேல் காட்டும். குவாலிட்டி எழுந்தால்தான் செயற்கைக்கோள் கிடைத்திருக்கிறது.

உயரத்தைக் கோட்டில் உங்கள் ஊர் எண்ணுக்கு (மதுரை என்றால் 69) வைத்து லேசாக முடுக்குங்கள். டிஷ்ஷை 110 டிகிரி திசையிலிருந்து 140 வரை மெதுவாகத் திருப்புங்கள். டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒரு டிகிரி. நகர்த்தி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, பிறகு அடுத்த நகர்த்தல். பாக்ஸுக்கு சிக்னலைப் பிடித்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். சரசரவென்று திருப்பினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாது. ஒரு சுற்றில் வரவில்லையா? உயரத்தை ஒரு டிகிரி கூட்டி மறுபடி, பிறகு ஒரு டிகிரி குறைத்து மறுபடி.

நம் ஊரில் ஒரு வசதி: செயற்கைக்கோள் உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால் இட, வலத் திருப்பலில் மூன்று டிகிரி பிசகினாலும் வானத்தில் அது ஒரு டிகிரி பிசகுதான். உயரத்தில் அந்த மன்னிப்பு இல்லை. ஆகவே நேரத்தை உயரத்துக்குச் செலவிடுங்கள்.

குவாலிட்டி எழுந்ததும் முதலில் உயரம், பிறகு திசை, கடைசியில் எல்.என்.பி. திருகல். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நகர்த்தி, பட்டை மிக அதிகமாக நிற்கும் இடத்தில் விடுங்கள். 13 நம்பர் நட்டை முடுக்கும்போதும் ஒரு கண் திரையில் இருக்கட்டும். முடுக்கும் வேகத்திலேயே டிஷ் அரை டிகிரி இழுத்துக்கொள்ளும். 'படம் வந்துவிட்டது, போதும்' என்று நிறுத்தாதீர்கள். கேயு பேண்ட் அலையைக் கனமழை விழுங்கும். வெயில் நாளில் மயிரிழையில் பிடித்து வைத்த டிஷ் ஐப்பசி மழையில் முதல் ஆளாகப் படுத்துவிடும்.

பிறகு ஆட்டோ ஸ்கேன். டிடி தமிழ் வந்ததா என்று பாருங்கள் (பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது). தமிழ் சேனல்கள் கை விரல்களுக்குள் அடங்கிவிடும், இந்திதான் அதிகம். மெகா சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இது மாற்று ஆகாது என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: பழைய தனியார் டிடிஎச் டிஷ் ஆகுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். டிஷ் தகடும் குழாயும் தாராளமாக ஆகும். எல்.என்.பி. லேபிளில் 9.75 இல்லையென்றால் அதை மட்டும் மாற்றுங்கள். கேபிள் முனை பச்சை பூத்திருந்தால் ஒரு அங்குலம் நறுக்கிப் புதுக் கனெக்டர் போடுங்கள்.

பின்சேர்க்கை 2: குவாலிட்டி நன்றாக இருந்தும் ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை என்றால், பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் 91.5-ஐப் பிடித்திருக்கிறீர்கள். 60 செ.மீ. டிஷ்ஷுக்கு இரண்டு டிகிரி பெரிய இடைவெளி இல்லை. 91.5, ஜிசாட்-15-க்கு மேற்கே, கொஞ்சம் மேலே இருக்கிறது. டிஷ்ஷைக் கிழக்கே ஒரு சின்னத் தள்ளல், உயரத்தில் ஒன்றரை டிகிரி இறக்கம். மறுபடி ஸ்கேன்.

பின்சேர்க்கை 3: 'நேற்று வரை வந்த சேனல் இன்று காணோம்.' டிஷ்ஷைத் தொட வேண்டாம். தனியார் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் இடத்தை ஏலத்தில் எடுப்பவை. ஏலம் முடிந்தால் வெளியேறும், புதியவை வரும். பழைய பட்டியலை அழித்துவிட்டு ஆட்டோ ஸ்கேன் போடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் அந்த சேனல் போய்விட்டது.