ஒற்றைச்சக்கர மின்வண்டிக்கு வீட்டிலேயே டயர் மாற்றுவது

போன மாசியில் ஒரு காலை, குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளங்களை ஒட்டி மணக்குடிப் பக்கம் என் ஒற்றைச்சக்கர மின்வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். ஒரே சக்கரம், அதன் இரண்டு பக்கமும் இருக்கும் பெடலில் நின்றபடி ஓட்டுவது. காலுக்குக் கீழே வண்டி லேசாக நெளிந்தது. கடற்காற்றுதான் தள்ளுகிறது என்று நினைத்தேன். அந்தச் சாலையில் அது வழக்கம். நூறு அடி போவதற்குள் நெளிவு ஆட்டமாகிவிட்டது. வேகத்தைக் குறைத்து இறங்கிப் பார்த்தால் டயர் பாதி அமுங்கிக் கிடக்கிறது. நடுவில் ஒரு சீமைக்கருவேல முள், தலை மட்டும் தெரிய உள்ளே ஏறியிருந்தது. 17 கிலோ வண்டியை உருட்டியும் தூக்கியும் ஆட்டோ கிடைக்கும் இடம்வரை நடந்தேன்.

ஸ்கூட்டரில் பின் டயர் பஞ்சரானால் முன் டயர் கொஞ்சம் தாங்கும். இந்த வண்டியில் இருப்பது ஒரே டயர். ஓடுவது, நிற்பது, திரும்புவது, விழாமல் இருப்பது எல்லாமே தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அகல ரப்பரை நம்பித்தான். அதனால்தான் இந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வண்டியைத் திறந்து பழகிய மெக்கானிக் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் தடவை ஒரு பஞ்சர் கடையில் கொடுத்தேன். இரும்புக் கம்பியால் நெம்பியதில் பழைய ஓட்டையோடு புதிதாக இரண்டு ஓட்டை விழுந்தது, ரிம் ஓரத்திலும் ஒரு வெட்டு. அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் அப்படி ஒரு ரிம்மை அதற்குமுன் பார்த்திருக்கவே மாட்டார்.

டயரும் டியூபும் வாங்குவது

என் வண்டியில் இருப்பது 16×2.125 டயர். கிங்சாங் 16எஸ், இன்மோஷன் வி8 என்ற இரண்டு மாடலிலும் இதே அளவுதான். டயரின் பக்கவாட்டில் 57-305 என்றும் இருக்கும். 57 என்பது மில்லிமீட்டரில் அகலம், 305 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் நம்ப வேண்டும். 16 இன்ச் என்று சொல்லி விற்கிற எல்லா டயரும் ஒன்றல்ல. மோட்டார்சைக்கிள் டயரில் எழுதியிருக்கும் இன்ச், ரிம்மின் அளவு. நம் வண்டியில் சொல்லப்படும் இன்ச், டயரையும் சேர்த்த வெளி அளவு. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாகச் செலவழிப்பார்கள். வி11, எஸ்18 போன்றவற்றுக்கு 18×3. அதை இங்கே கடையில் தேட வேண்டாம், இணையத்தில்தான் வாங்க வேண்டும்.

16×2.125க்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. குழந்தைகள் ஓட்டும் 16 இன்ச் சைக்கிளிலும் பெரும்பாலும் இதே 305 ரிம்தான். நாகர்கோவில் வடசேரியில் ஒரு சைக்கிள் கடையில் டியூப் கேட்டபோது அண்ணாச்சி என் பழைய டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த வண்டிக்க டயரு மக்கா?" என்றார். செல்போனில் படம் காட்டினேன். "சின்னப்பிள்ளைய சைக்கிள் டியூப்பு கெடக்கும், வால்வு பாத்து எடுக்கணும்" என்றார். அவர் சொன்னதுதான் விஷயமே. நம்மூர் சைக்கிள் டியூபில் பெரும்பாலும் வால் டியூப் போட்ட பழைய வகை வால்வு. நமக்கு வேண்டியது பைக்கில் இருக்கிற மாதிரி உள்ளே ஊசி வைத்த வால்வு. அதுவும் குட்டையாகவோ பக்கமாக வளைந்தோ இருக்க வேண்டும். மோட்டாருக்கும் ரிம்முக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான். நீளமான வால்வு சுழலும்போது சக்கரத்தை மூடிய உறையில் உரசி அறுந்துவிடும்.

பல டயர்களில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2323 என்றால் 23ஆவது வாரம், 2023ஆம் வருடம். கடையில் வெயில்பட்டுத் தொங்கிய பழைய டயர் என்றால் பக்கவாட்டை மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டைகள் வைத்த காட்டு டயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பேச்சிப்பாறைப் பக்கம் மண் பாதையில் ஓட்டுகிறவருக்கு அது சரி. தக்கலை, நாகர்கோவில் தார்ச்சாலைக்கு வேண்டாம் என்பேன். சாய்ந்து திரும்பும்போது கட்டைக்குக் கட்டை பிடி மாறுவது பாதத்தில் தெரியும்.

வண்டியைப் பிரிப்பது

முதல் தடவைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. இப்போது ஒன்றரை மணி நேரம். ஆலன் கீ செட், நல்ல முனையுள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சின்ன டயர் லிவர் மூன்று, வால்வு ஊசி கழற்றும் கருவி, பெரிய கேபிள் டை எட்டு, ஸ்க்ரூ இளகாமல் பிடிக்கும் நீல நிறப் பசை. இவ்வளவு போதும்.

வண்டியை அணையுங்கள். கையில் மோதிரம், உலோக வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். உறையின் இரண்டு பக்கமும் லித்தியம் பேட்டரி இருக்கும். என் வண்டியில் 16 செல் வரிசை, முழு சார்ஜில் 67.2 வோல்ட். 20 செல் வரிசை என்றால் 84 வோல்ட். நான் இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறவன், பேட்டரியோடு தினமும் பழகுகிறேன். இருந்தும் மோதிரத்தைக் கழற்றாமல் இந்த உறையைத் திறக்க மாட்டேன்.

பக்கத் தகடுகளைக் கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் அல்ல. நீளமான ஒன்றைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அது உள்ளே எதைக் குத்தும் என்று சொல்ல முடியாது. அது பேட்டரியாகவும் இருக்கலாம். நான் ஒரு முட்டை அட்டையை வைத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டு, எந்த இடத்து ஸ்க்ரூ என்று பேனாவால் எழுதிவிடுவேன்.

அடுத்து முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். அப்புறம் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போர்டில் தங்கிய மின்சாரமும் இறங்கிவிடும். பிறகு மோட்டார் வயர். தடிமனான மூன்று வயர், பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம். அதோடு மெல்லிய சென்சார் வயர்களின் கொத்து ஒன்று. திரும்பப் போடும்போது நிறத்துக்கு நிறம் சேர வேண்டும். மாறினால் மோட்டார் உதறும். சில மாடல்களில் வயரைப் பிடுங்காமலே சக்கரத்தை வெளியே எடுக்க இடம் இருக்கும். உங்கள் வண்டி அப்படியானால் வயரைத் தொடாதீர்கள்.

பெடலைத் தாங்கும் கைகள் அச்சில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றியதும் சக்கரம் கீழே இறங்கும். இறங்கும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் வயர் அச்சின் துளை வழியாக வெளியே வருகிறது. அந்த வளைவில் வயரின் தோல் கிழிந்தால் பின்னால் பெரிய செலவு. வயர் எந்தப் பக்கம், அச்சின் தட்டை முகம் எந்தத் திசை என்று மார்க்கர் பேனாவால் குறித்து வையுங்கள்.

சக்கரம் கையில் இருக்கும்போதே அச்சைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று வந்தால் பேரிங் போய்விட்டது. கடற்கரை ஓரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும். டயருக்காகத் திறந்த அன்றே அதையும் முடித்துவிடுவது நல்லது.

டயரைக் கழற்றி மாட்டுவது

வால்வு ஊசியை முழுவதும் கழற்றி எல்லாக் காற்றையும் விடுங்கள். டயரைப் படுக்க வைத்து, ரப்பர் செருப்புக் காலால் ஓரத்தை மிதித்துச் சுற்றி வந்தால் பீடிங், அதாவது ரிம்மில் உட்காரும் டயரின் தடித்த விளிம்பு, ரிம்மிலிருந்து விலகும். சைக்கிள் ரிம்மின் நடுவில் ஆழமான பள்ளம் இருக்கும். பீடிங்கை அதில் இறக்கினால் எதிர்ப்பக்கம் தளர்ந்து சுலபமாக ஏறும். நம் ரிம்முக்குள் மோட்டார் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பள்ளம் ஆழமில்லை. கஷ்டமே அதில்தான். லிவர் போடும் இடத்தின் எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பள்ளத்தில் பிடித்துக்கொண்டே நெம்புங்கள். லிவருக்கும் ரிம்முக்கும் நடுவில் பிளாஸ்டிக் கேனிலிருந்து வெட்டிய துண்டை வைத்தால் ரிம்மில் கீறல் விழாது.

பழைய டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவிப் பாருங்கள். முள் நுனி இருந்தால் பஞ்சு சிக்கும். விரலால் தடவாதீர்கள். பனங்காட்டு ஓரத்தில் ஓட்டுகிறவர்கள் மட்டைக் கருக்கின் பல் உடைந்து உள்ளே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இருந்தால் புது டியூபும் மறுநாளே போகும்.

வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். குலசேகரத்தில் எங்கள் அப்பா முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். முதல் தடவை நான் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு உட்கார்ந்ததைப் பார்த்ததும் பிடுங்கி வைத்துவிட்டார். "ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுலே, ஊதிப் போவும்" என்றார். ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, வலுவிழந்துவிடும். என்ஜின் ஆயில், கிரீஸ், மண்ணெண்ணெய் எதற்கும் இதே கதைதான்.

புது டயரை அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள், இளகும். டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து, மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவி டயருக்குள் வையுங்கள். சுழலும் திசைக்கு டயரில் அம்பு போட்டிருந்தால் அதைக் கவனியுங்கள். இப்போது என் வேலையைப் பாதியாக்கிய முறை: டயரின் இரண்டு ஓரத்தையும் ஒன்றோடொன்று ஒட்டும்படி அழுத்தி, சுற்றிலும் எட்டு இடத்தில் கேபிள் டையால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். டியூப் உள்ளே பத்திரமாக இருக்கும். வால்வை முதலில் ரிம் துளையில் நுழைத்து, அங்கிருந்து தொடங்கி, சோப்புத் தண்ணீர் தடவி, கட்டிய டயர் முழுவதையும் ஒரே தள்ளாக ரிம்மில் ஏற்றுங்கள். கடைசி ஒரு ஜாண் இடத்துக்கு மட்டும் லிவர் வேண்டியிருக்கும். ஏறியதும் டைகளை வெட்டி உருவி எடுங்கள். எட்டும் வந்ததா என்று எண்ணுங்கள்.

பாதிக் காற்று அடித்து, மறுபடி முழுவதும் இறக்கி, மறுபடி அடியுங்கள். டியூபில் மடிப்பு இருந்தால் இதில் விரிந்துவிடும். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. வால்வு சாய்ந்து நின்றால் மறுபடி காற்றை இறக்கிச் சரிசெய்யுங்கள். அப்படியே விட்டால் அடியில் கிழியும்.

திரும்பப் பூட்டும்போது பெடல் கை போல்ட்டுகளில் அந்த நீலப் பசையை ஒரு சொட்டு விடுங்கள். மோட்டார் வயர் எங்கும் நசுங்கவில்லை என்று பார்த்து, வயர்களை மாட்டியபின், பேட்டரியைச் சேர்ப்பதற்குமுன், சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். காந்தம் பிடித்து விடுவது மாதிரி லேசான தடை இயல்பு. மாவாட்டுவதுபோல் கனமாக இருந்தால் மோட்டார் வயர்கள் எங்கேயோ ஒன்றோடொன்று தொடுகின்றன என்று அர்த்தம். பேட்டரியைச் சேர்க்காமல் மறுபடி திறந்து பாருங்கள்.

காற்றும் பராமரிப்பும்

என் எடை 72 கிலோ, நான் வைப்பது 38 பி.எஸ்.ஐ. டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்காதீர்கள். காற்று குறைந்தால் குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். திரும்புவதும் கனமாகும். கூடினால் வண்டி சின்னக் கல்லுக்கும் துள்ளும், பாதம் நடுங்கும். 38இல் தொடங்கி, இரண்டிரண்டாக மாற்றி உங்கள் எடைக்கு எது சரி என்று கண்டுபிடியுங்கள். 3 இன்ச் அகல டயருக்கு இதைவிட நன்றாகக் குறைவாக வேண்டும்.

வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுப்பதற்குமுன் கேஜ் வைத்துப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் பார்த்தால் கணக்குத் தப்பும். 10 டிகிரி சூடு ஏறினாலே ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது.

நம் சாலைகள் ஓரத்துக்குச் சரியும். இடது ஓரமாகவே ஓட்டுகிறோம், வண்டியோ நிமிர்ந்தே நிற்கிறது. அதனால் டயரின் வலப்பக்கம் முதலில் தேயும். அம்பு இல்லாத டயர் என்றால் பாதி ஆயுளில் பக்கம் மாற்றிப் போடுங்கள். நடுப்பகுதி தட்டையாகிவிட்டால், ஓட்டும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விழுகிற மாதிரி உணர்வீர்கள். அப்போது பள்ளம் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

முட்டம், சொத்தவிளை கடற்கரைப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு ஒரு மழைக்காலத்தில் ஸ்க்ரூ தலைகளைத் தின்றுவிடும், அப்புறம் கழற்ற முடியாது. பஞ்சர் தானாக அடைக்கும் திரவத்தை நான் டியூபில் ஊற்றித்தான் ஓட்டுகிறேன், சின்ன முள்ளுக்கு அது போதும். ஆனால் ஒருமுறை ஊற்றிய டியூபில் பின்னால் ஒட்டுப் போட்டால் சரியாக ஒட்டாது என்பதால் ஒரு புது டியூப் எப்போதும் வீட்டில் இருக்கும்.

புது டயர் போட்ட அன்று அது வழுக்கும், மேல்தோல் தேயும்வரை. முதல் 30 கிலோமீட்டர் மெதுவாக, ஈரமில்லாத சாலையில் மட்டும் ஓட்டுங்கள். டயர் பழையதைவிடச் சற்று உயரமாக இருந்தால் திரையில் தெரிவதைவிட உண்மையான வேகம் கூடுதலாக இருக்கும், வண்டி மோட்டார் சுற்றைத்தான் எண்ணுகிறது. ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, பெடல் கை போல்ட்டுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், வால்வு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை மறுபடி காற்று. ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கியிருந்தால் வால்வு ஊசியை இன்னும் கொஞ்சம் முறுக்கி, அதன் வாயில் சோப்பு நுரை வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.